சோலார் பூட்டுமுன் இரண்டு இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்

சோலார் பூட்ட வருபவர் "டிபி போர்டையும் (வீட்டு லைன்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்ற வேண்டும்" என்றால், உடனே காசைக் கொடுக்காமல் மெயின் பிரேக்கரின் அம்பியரையும், சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் தரும் அம்பியரையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை போர்டில் எழுதியிருக்கும் அம்பியரைத் தாண்டாவிட்டால் இந்தக் காரணத்துக்காகப் போர்டை மாற்றத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு ஒற்றை பேஸ், 30 அம்பியர் இணைப்புத்தான்; மெயின் பிரேக்கரையும் 30 என்றே எடுப்போம். 5 கிலோவாற் இன்வேர்ட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 அம்பியர் தரும். கூட்டினால் 52, 63 அம்பியர் போர்ட் தாராளமாகத் தாங்கும். மின்சாரசபை பக்கமிருந்தும் கூரையிலிருந்தும் போர்டுக்குள் இருக்கும் ஒரே செப்புத் தகட்டுக்கு மின்னோட்டம் வருவதால்தான் இந்தக் கணக்கு. இரண்டும் சேர்ந்து தகட்டைச் சூடாக்கினாலும் மெயின் பிரேக்கருக்கு அது தெரியாது, விழவும் மாட்டாது. பிரித்தானிய வயரிங் விதி கேட்பதும் இதே கூட்டலைத்தான். அமெரிக்க விதியில் இன்வேர்ட்டர் மின்னோட்டத்தை 1.25 ஆல் பெருக்கிக் கூட்டுவார்கள். சோலார் பிரேக்கர் மெயினுக்கு எதிர் முனையில் இருந்தால் தகட்டின் அளவில் 120 வீதம் வரை விடுவார்கள். அந்தச் சலுகையை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெயின் பிரேக்கர் 60 அம்பியர் என்றால் இதே இன்வேர்ட்டரோடு 82 வரும், அப்போது 100 அம்பியர் போர்ட் வேண்டும். சோலார் மின்சாரம் முழுவதையும் மின்சாரசபைக்கே விற்கும் நெட் பிளஸ் முறையில் அது தனி மீற்றர் வழியாக நேரே வெளியே போவதால் இந்தக் கணக்கே இல்லை. குருநகர், வல்வெட்டித்துறை மாதிரிக் கரையோரத்தில் உப்புக்காற்றில் தகடு அரித்திருந்தால், கணக்குச் சரி வந்தாலும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். சோலார் வயரை மற்ற லைன்களோடு ஒரே ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே கொடுக்கவும் விடாதீர்கள்.