மதுரையைச் சுத்தி கிராமத்துல புது வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மதுரைக்குள்ள ஒரு சென்ட் வாங்குறதே கஷ்டமாகிப் போச்சுன்னு இப்ப எல்லாரும் ஊமச்சிகுளம், கடச்சனேந்தல், ஒத்தக்கடை, சிலைமான், நாகமலை புதுக்கோட்டை, சமயநல்லூர்னு வெளிய போய் வீடு பாக்குறாங்க. மூணு சென்ட்ல ரெண்டு பெட்ரூம், முன்னாடி கார் நிறுத்த இடம், ஒரு போர், மேல சிண்டெக்ஸ் டேங்க், அம்புட்டுத்தான், வரிசையா பத்து வீடு ஒரே மாதிரி நிக்கும். போன உடனே எல்லாரும் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும்தான் பாக்குறாங்க. என்னைக் கேட்டா அதைக் கடைசியா பாருங்க. மொதல்ல ஊரு, அப்புறம் நிலம், அப்புறம் பத்திரம், அதுக்கப்புறம்தான் கட்டடம். கட்டடத்துல குறை இருந்தா காசு போட்டு சரி பண்ணிரலாம், ஆனா தண்ணி போற வழியில நிக்கிற வீட்டையோ பத்திரம் சரியில்லாத இடத்தையோ நீங்க எவ்வளவு செலவழிச்சாலும் சரி பண்ண முடியாது.

ஊருன்னா மொதல்ல போக்குவரத்து. புரோக்கர் எல்லாருமே "ரிங் ரோட்டுல இருந்து பத்தே நிமிஷம் சார்"னுதான் சொல்லுவாக. அது ஞாயித்துக்கிழமை காலைல கார்ல வந்தா. நீங்க பாக்க வேண்டியது உங்க வீட்டுல வண்டி ஓட்டத் தெரியாத ஆளு யாரோ அவங்க கணக்கை. ஸ்கூலுக்குப் போற பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போற அப்பத்தா, காலேஜ் விட்டு இருட்டுனப்புறம் திரும்புற பொண்ணு, இவங்க எப்படிப் போவாங்க எப்படி வருவாங்கன்னு பாருங்க. ஒரு வேலை நாள்ல பெரியார் நிலையத்துல இருந்தோ மாட்டுத்தாவணில இருந்தோ டவுன் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போங்க, சாயங்காலம் கூட்ட நேரத்துலயும் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஸ்டாப்ல இறங்கி வீடு வரைக்கும் நடந்து பாருங்க, தெருவிளக்கு எரியுதா, நாய் தொல்லை இருக்கான்னு அப்பத்தான் தெரியும். ஸ்டாப்புக்குப் பக்கத்துல டீக்கடை இருக்கும், அங்க உக்காந்து "அண்ணே, மாட்டுத்தாவணிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஒழுங்கா வருமா"ன்னு கேளுங்க, ஒழுங்கா வருமாங்குற கேள்விதான் முக்கியம். டவுன் பஸ் வர்ற ஊர்ல இன்னொரு லாபம், 2021-ல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, தினமும் வேலைக்குப் போற ரெண்டு பேர் வீட்டுல இருந்தா அது மாச பட்ஜெட்ல நல்லாவே தெரியும்.

ரயிலையும் மறந்துராதீங்க. திருப்பரங்குன்றம், திருமங்கலம், கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், சிலைமான், உசிலம்பட்டி எல்லாத்துலயும் ஸ்டேஷன் இருக்கு, ஆனா ஸ்டேஷன் இருக்குறது வேற, உங்களுக்கு வேணும்ங்குற நேரத்துல அங்க வண்டி நிக்கிறது வேற, டைம்டேபிளைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நத்தம் ரோட்டுப் பக்கம் 2023-ல 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் திறந்ததுக்கு அப்புறம் உண்மையிலேயே நெருக்கமாயிருச்சு, அந்தப் பாலம் கண்ணு முன்னாடி நிக்குது, அதுக்காக கொஞ்சம் கூட விலை குடுத்தா அது நியாயம். ஆனா வரப்போற திட்டத்துக்கு இன்னைக்கே விலை குடுக்காதீங்க. திருமங்கலம் ஒத்தக்கடை மெட்ரோ வருது வருதுன்னு சொல்லி எத்தனை பிளாட்டு வித்தாங்க, 2025 நவம்பர்ல மத்திய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிருச்சு. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரில அடிக்கல் நட்டாங்க, அன்னைக்கே அதைக் காட்டி சென்ட் விலையை ஏத்திட்டாங்க, வாங்குனவங்க வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருந்தாங்க. திட்டம் வந்தா சந்தோஷம், ஆனா இன்னைக்கு இருக்குற பஸ்ஸுக்கும் ரோட்டுக்கும் தண்ணிக்கும் மட்டும்தான் காசு. அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் பாக்குறவங்க இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கங்க, சித்திரைத் திருவிழாவுல அழகர் இறங்கி வர்ற நாள்லயும் திரும்பி மலைக்குப் போற நாள்லயும் அந்த ரோட்டுல வண்டி எடுக்குறது ரொம்பக் கஷ்டம். எங்களுக்கு அது பெருமைதான், வீட்டு வாசல்ல அழகர் போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும், ஆனா வீட்டுல டயாலிசிஸ் மாதிரி தேதி தவற முடியாத வைத்தியம் எடுக்குறவங்க இருந்தா யோசிச்சுக்கங்க.

அடுத்தது நிலம், இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். மதுரைங்குறது கண்மாய் ஊரு. ஒரு கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குத் தண்ணி போகும், அதுக்கு ஓடை இருக்கும், வாய்க்கால் இருக்கும். பத்து வருஷம் சரியா மழை இல்லன்னா அந்த ஓடை வெறும் கருவேலங்காடா கிடக்கும், அதை மண்ணடிச்சு சமப்படுத்தி கல்லு ஊனுனா யாருக்கும் தெரியாது, ஆனா மழை வந்தா தண்ணி பழைய வழியைத்தான் தேடி வரும். 2024 அக்டோபர் மழையில செல்லூர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததை எல்லாரும் டிவில பாத்தோம். அதனால வீடு பாக்குறதை ஐப்பசி கார்த்திகைல வச்சுக்கங்க, முடிஞ்சா பெருமழை பேஞ்ச மறுநாளே போங்க. ஆடில "ஆஃபர்" போடுவாங்க, விலை பேசுறதை அப்பப் பேசுங்க, ஆனா தரையைப் பாக்குறதை மழையில பாருங்க. அந்த ஊரு ஆள்கள்ட்ட, அதுவும் ஆடு மாடு மேய்க்கிற பெரியவங்ககிட்ட, "ஐயா, பெருந்தண்ணி வந்தப்ப இங்கிட்டு எது வரைக்கும் நின்னுச்சு"ன்னு கேளுங்க, அவங்க கையை நீட்டிக் காட்டிருவாங்க.

அதோட நிக்காம காகிதத்துலயும் பாக்கணும். புல எண் (சர்வே நம்பர்) தெரிஞ்சா பட்டா, சிட்டா (நிலம் யார் பேர்ல, நஞ்சையா புஞ்சையான்னு சொல்ற காகிதம்), அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம்னு சொல்ற வருவாய்த்துறை பதிவேடு) எல்லாம் அரசாங்க இ-சேவை தளத்துலயே பாக்கலாம், மனையோட எல்லையையும் அளவையும் காட்டுற நில அளவைப் புலப்படமும் கிராமப்புறத்துக்குப் பெரும்பாலும் கிடைக்குது. புலப்படத்துல உங்க மனைக்குள்ளயோ ஒட்டியோ வாய்க்கால், வண்டிப்பாதை, ஓடைன்னு கோடு போகுதான்னு பாருங்க. அ-பதிவேட்டுல நீர்நிலை புறம்போக்கு, மேய்ச்சல், கோயில் நிலம்னு இருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க, பேரம் பேசாதீங்க. வெள்ளைக்காரன் காலத்துல 1892 வாக்குல ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடுத்த பஞ்சமி நிலத்தை வேற ஆள் வாங்குனா செல்லாது, அது தப்பும் கூட, அந்த நிலம் அவங்களோடது. மேலூர், கள்ளந்திரி பக்கம் பெரியாறு பாசன நஞ்சை நிறைய, சிட்டாவுல நஞ்சைன்னு இருக்குற இடத்துல வீடு நின்னா, வீட்டுமனையா மாத்த முறையா அனுமதி வாங்கியிருக்காங்களான்னு கேட்டு, ஆர்டர் காப்பியைக் கையில வாங்கிப் பாருங்க. விமான நிலைய விரிவாக்கம், நாலு வழிச்சாலைன்னு நிலம் எடுக்குற பக்கமா இருந்தா தாலுகா ஆபீஸ்ல புல எண்ணைச் சொல்லி விசாரிச்சிருங்க.

மண்ணையும் ஒரு வார்த்தை. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். மழையில உப்பும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும், சாதாரண அஸ்திவாரம் போட்டு மேல வீடு கட்டுனா ரெண்டு மூணு வருஷத்துல சுவர்ல சாய்ஞ்ச கீறல் விழும். அங்க வாங்குனா கரிசலுக்குக் கீழ கெட்டி மண்ணு வரைக்கும் தோண்டுனாங்களா, பைல் (ஆழமா இறக்குற கான்கிரீட் தூண்) போட்டாங்களா, அடி பீம் சுத்தி வருதான்னு கேட்டு வேலை நடந்தப்ப எடுத்த போட்டோவைக் காட்டச் சொல்லுங்க, ஒழுங்கா கட்டுனவங்ககிட்ட போட்டோ இருக்கும். மேலூர் பக்கம் மண்ணு கெட்டி, ஆனா கல்குவாரி பக்கத்துல இருந்தா வெடி அதிர்வு வீட்டைப் பாதிக்கும், பக்கத்துப் பழைய வீட்டுச் சுவத்தைப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

தண்ணிக்கு, போர்ல மோட்டாரைப் போட்டு அரைமணி நேரம் ஓட விடச் சொல்லுங்க, நிறுத்தி நிறுத்தி வருதான்னு பாருங்க, ஒரு பாட்டில்ல பிடிச்சு குடிநீர் வாரிய லேப்ல குடுங்க. குடிநீருக்குக் கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு இந்தியத் தர விதி சொல்லுது. அதுக்கு மேல போனா வாழ்நாள் பூரா கேன் தண்ணிதான், ஹீட்டரும் பைப்பும் உப்புப் பிடிச்சுப் போகும். பஞ்சாயத்துக் குழாய் அந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கா, எத்தனை நாளுக்கு ஒருக்கா விடுறாங்கன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க. கிராமத்துல பாதாளச் சாக்கடை இருக்காது, எல்லாம் செப்டிக் டேங்க்தான், மூணு சென்ட்ல போரும் செப்டிக் டேங்கும் எதிரெதிர் மூலையில இருக்கணும், பக்கத்து வீட்டுக்காரர் டேங்க் உங்க போருக்கு ஒட்டி இருக்கான்னும் பாக்கணும்.

பத்திரம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்"னு தலைவர் கையெழுத்தைக் காட்டுனா அது லேஅவுட்டுக்குச் செல்லாது, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளூர் திட்டக் குழும அங்கீகாரம் வேணும். 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வித்த அங்கீகாரமில்லா மனைன்னா 2017 விதிப்படி அதை முறைப்படுத்துன (வரன்முறை) ஆர்டர் இருக்கணும். அந்தத் திட்டத்தோட மொத்த நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டுனா, அதாவது சுமாரா பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல, ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம், அந்த நம்பரை நீங்களே ரெரா தளத்துல போட்டுப் பாருங்க. ரெராவுக்குள்ள வர்ற திட்டத்துல, பதிவு பண்ணுன ஒப்பந்தம் இல்லாம பத்து சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கவே கூடாது, யாராவது "பாதி குடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்"னு சொன்னா அதுவே போதும், வேற வீடு பாருங்க. வில்லங்கச் சான்று (அந்த இடத்து மேல பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் வர்ற பட்டியல்) முப்பது வருஷத்துக்குப் போட்டு, மூலப்பத்திரத்துல இருந்து கைமாறி வந்த ஒவ்வொரு பத்திரத்தையும் உங்க வக்கீல்கிட்ட குடுங்க, பில்டரோட வக்கீல் நல்லவராவே இருந்தாலும் அவர் பில்டருக்கு வக்கீல். அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத சொத்து, கூட்டுப் பட்டா, கையெழுத்துப் போடாத அக்கா தங்கச்சி, நம்ம பக்கம் வழக்கு எல்லாமே இதுலதான் வருது. பேங்க் லோன் பாஸ் ஆச்சுன்னா பத்திரம் சுத்தம்னு நினைக்காதீங்க, பேங்க் பாக்குறது அவங்க கடனுக்கு, உங்க நிம்மதிக்கு நீங்கதான் பாக்கணும்.

கணக்கு போடுறப்ப வீட்டு விலையோட நிக்காதீங்க. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கையில இருந்து போகும். கடன் தொகை 30 லட்சம் வரைக்கும்னா பேங்க் 90 சதவீதமும், அதுக்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதமும் வரை தரலாம், ஆனா அது அவங்க மதிப்பு போடுற தொகைக்கு. 50 லட்சமோ அதுக்கு மேலயோ விலைன்னா விக்கிறவருக்குக் குடுக்குற காசுல 1 சதவீதம் வரி பிடிச்சு நீங்கதான் கட்டணும். கிரில், கொசுவலை, இன்வெர்ட்டர், மதில் சுவர், கிரகப்பிரவேசம் எல்லாம் வந்து நிக்கும், தனியா எடுத்து வைங்க.

இப்ப கட்டடம். இதுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க, அனுமதி வாங்குன ப்ளானையும் கையில வச்சுக்கங்க, சுத்தி விட்ட இடம் ப்ளான்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு டேப் போட்டு அளங்க. மொட்டை மாடியிலயும் பாத்ரூம்லயும் தண்ணியைக் கட்டி ஒரு நாள் விட்டுட்டு மறுநாள் கீழ சீலிங்கைப் பாருங்க. டைல்ஸை நாணயத்தால தட்டுனா உள்ள வெறுமையா இருக்குற இடம் சத்தத்துலயே தெரியும். ஜன்னல் மூலைகள்ல கீறல், சுவர் அடியில ஈரம், புதுசா ஒரு இடத்துல மட்டும் அடிச்ச பெயிண்ட், இதையெல்லாம் கவனிங்க. மழைநீர் சேகரிப்பு 2003-ல இருந்து கட்டாயம், பைப் சும்மா மண்ணுக்குள்ள சொருகியிருக்கா, நிஜமா குழி இருக்கான்னு மூடியைத் திறந்து பாருங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடி ரூம்ல கொஞ்ச நேரம் உக்காருங்க, சித்திரை வெயிலுக்கு அந்த ரூம் எப்படி இருக்கும்னு புரியும். கரண்ட் கனெக்ஷன் இன்னும் கட்டுமான டாரிஃப்லயே இருக்கான்னு கார்டைப் பாருங்க, வீட்டு டாரிஃபுக்கு மாத்தித் தர்றது அவங்க பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதிக்கங்க, இல்லன்னா மொத பில்லே கூடுதலா வரும்.

பதிவு முடிஞ்ச வாரமே பட்டா மாறுதலுக்கு எழுதிப் போடுங்க, பெரிய புல எண்ல இருந்து உங்க மனையைத் தனியா பிரிக்க (உட்பிரிவு) வேண்டியிருந்தா சர்வேயர் வர்ற அன்னைக்கு நீங்களே நேர்ல நில்லுங்க, கல்லு எங்க ஊனுறாங்கன்னு போட்டோ எடுங்க. வீட்டு வரி, கரண்ட், குடிநீர் மூணும் உங்க பேருக்கு மாறணும். ரெராவுல பதிவான வீடுன்னா, குடி வந்ததுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டடத்துல குறைபாடு தெரிஞ்சு நீங்க சொன்னா, முப்பது நாளைக்குள்ள காசு வாங்காம பில்டர் சரி பண்ணித் தரணும்னு சட்டம் இருக்கு. போன்ல சொன்னா பத்தாது, மொத மழைக் காலம் முடிஞ்ச உடனே வீடு பூரா சுத்தி வந்து ஒழுகுற இடம், கீறல் விட்ட இடம் எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து, போய்ச் சேந்ததுக்கு ஆதாரம் கிடைக்கிற மாதிரி ஸ்பீட் போஸ்ட்ல பில்டருக்கு அனுப்பி ரசீதைப் பத்திரத்தோடயே வைங்க.