ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் கூட்டாளிகளைப் பிடிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா தனியாக எதையும் சாதிப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்று மரபணுக்களை இயக்கும், 595 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம், ஹார்மோன் கிடைக்கும்வரை ஹெச்எஸ்பி90 போன்ற புரதங்களின் பிடியில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனான எஸ்ட்ரடயால் வந்து அமர்ந்ததும் அதன் 12-ஆம் சுருள் இடம்பெயர, மேற்பரப்பில் ஒரு பள்ளம் அமைகிறது. துணைப் புரதங்கள் வந்து பொருந்துவது அந்தப் பள்ளத்தில்தான். டமாக்சிஃபென் கொடுத்தால் அதே சுருள் பள்ளத்தை அடைத்துக்கொள்கிறது. மார்பகப் புற்றுநோயில் அது மருந்தாக வேலை செய்வதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே, ஏற்பியோடு யார் யார் சேர்கிறார்கள் என்ற கேள்வி நோயாளியின் படுக்கை வரை போகும் கேள்வி.

1995-இல் ஹூஸ்டனில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில், ஈஸ்ட் செல்லுக்குள் புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் ஒரு பகுதியைத் தூண்டிலாக வைத்து எஸ்ஆர்சி-1 என்ற துணைப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று செல்லுக்குள் இயல்பாக இருக்கும் ஏற்பியையே, கூட்டாளிகளோடு சேர்த்து அப்படியே வெளியே இழுக்க முடிகிறது. 2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ரைம் முறை அத்தகையது: ஏற்பியை எதிர்ப்பொருளால் பிடித்து இழுத்து, உடன் வந்த புரதங்களை, துண்டுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் அடையாளம் காண்பது. கீழே சொல்வது அதன் எளிய வடிவம்.

1. செல்களைப் பட்டினி போடுங்கள்

மார்பகப் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட எம்சிஎஃப்-7 செல்கள் இதற்கு ஏற்றவை. ஒரு மாதிரிக்குச் சுமார் 2 கோடி செல்கள் வேண்டும். ஹார்மோன் கொடுத்தது, கொடுக்காதது என்று இரண்டு தொகுதிகளை வளர்க்க வேண்டும்.

நான் முதல்முறை செய்தபோது இரண்டு தொகுதிகளிலும் ஒரே முடிவு வந்தது. ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சந்தேகித்தேன், அது பூசிய காந்த மணிகளை மாற்றினேன், இரண்டு வாரம் போயிற்று. காரணம் கண்முன்னே சிவப்பாக இருந்தது. வளர்ப்பு ஊடகத்தில் அமில நிலையைக் காட்டுவதற்காகச் சேர்க்கும் பீனால் ரெட் சாயம், மெல்லிய ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் என்பது 1986-லேயே வெளியான செய்தி. சாயம் இல்லாத ஊடகம், கரித்தூளால் ஹார்மோன் நீக்கப்பட்ட சீரம் இரண்டையும் பயன்படுத்தி மூன்று நாள் வளர்த்தால்தான் 'ஹார்மோன் இல்லை' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

பிறகு ஒரு தொகுதிக்கு 10 நானோமோலார் எஸ்ட்ரடயால், 45 நிமிடம். மற்றதற்கு அந்த ஹார்மோனைக் கரைக்கும் எத்தனால் மட்டும், அதே அளவு. ஹார்மோனால் புதிதாக உற்பத்தியாகும் கூட்டாளிகள் இந்த 45 நிமிடத்தில் சரியாகத் தென்படமாட்டார்கள். ரைம் ஆய்வில் வெளிப்பட்ட ஜிஆர்இபி1 அந்த வகை. அதற்காக, ஹார்மோன் நீக்காத முழு ஊடகத்தில் வளர்ந்த ஒரு தொகுதியையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

2. பிணைத்து நிறுத்துங்கள்

1 சதவீத ஃபார்மால்டிஹைடு, 8 நிமிடம். பிறகு கிளைசின் சேர்த்து வினையை நிறுத்துங்கள். புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். ஒட்டி நிற்கும் புரதங்கள் அந்த நிலையிலேயே பிணைந்துவிடும். நேரம் கூடினால் பக்கத்தில் சும்மா நின்றவையும் சேர்ந்து பிணையும்.

3. உடைத்து, இழுத்து, கழுவுங்கள்

உட்கருக்களைப் பிரித்து, ஒலி அலைகளால் சிதைத்து, சாற்றைத் தெளியவையுங்கள். ஏற்பியின் எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளை அதில் இட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் மெல்லச் சுழல விடுங்கள். முயல் எதிர்ப்பொருள் என்றால், சாதாரண முயல் இம்யூனோகுளோபுலின் (ஏற்பியைக் குறிவைக்காத எதிர்ப்பொருள்) அதே அளவு பூசிய மணிகளோடு இன்னொரு குழாயும் அவசியம். அந்தக் குழாயை மிச்சம் பிடித்தால் மற்ற உழைப்பு முழுவதும் வீண்.

காலையில் குழாயைக் காந்தத்தில் வைத்தால், பழுப்பு நிற மணிகள் ஒரு பக்கச் சுவரில் கோடாக ஒதுங்கும்; திரவம் தெளிந்துவிடும். கோட்டைத் தொடாமல் திரவத்தை மட்டும் உறிஞ்சுங்கள். பத்து முறை கழுவுங்கள். கடைசி இரண்டு முறை அமோனியம் பைகார்பனேட் மட்டும், ஏனெனில் எஞ்சிய சோப்புப் பொருள் நிறை நிறமாலைமானியில் புரதத் துண்டுகளின் குறிகையை மூழ்கடித்துவிடும். இதற்கு முன்பே மணிகளில் சிறு பங்கை ஒதுக்கி, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) ஏற்பியின் 66 கிலோடால்டன் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பொருளின் கனச் சங்கிலி 50-இல் தடித்து நிற்கும் என்பதால் ஜெல்லை நன்றாக ஓடவிட்டு இரண்டையும் பிரியுங்கள்.

4. வெட்டி அனுப்புங்கள்

மணிகளின் மேலேயே, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினை இட்டு 37 டிகிரியில் ஓர் இரவு. பிறகு துண்டுகளை நிறை நிறமாலைமானிக்கு அனுப்புங்கள். கையுறையைக் கழற்றாதீர்கள், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தோலிலிருந்து உதிரும் கெரட்டின் பட்டியலின் உச்சியில் வந்து அமர்ந்துவிடும்.

5. பட்டியலை நம்பாதீர்கள்

நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். முதலில் ஏற்பியைத் தேடுங்கள். அதுவே இல்லையென்றால் மேலே படிக்க வேண்டாம். வெவ்வேறு நாள்களில் செய்த மூன்று சோதனைகளிலும் வந்து, இம்யூனோகுளோபுலின் குழாயில் இல்லாதவற்றை மட்டும் எடுங்கள். ஹெச்எஸ்பி90 சிக்கலானது: அது உண்மையான கூட்டாளி, ஆனால் எந்த மணியிலும் ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் உடையது. இம்யூனோகுளோபுலின் குழாயிலும் அது வந்தது என்பதற்காக மட்டும் அடித்துவிடாமல், எந்தக் குழாயில் எவ்வளவு என்று பாருங்கள்.

எஞ்சியவற்றில் ஆர்வமூட்டும் ஒன்றை எடுத்து, அதன் எதிர்ப்பொருளால் திருப்பி இழுத்து ஏற்பி வருகிறதா என்று பாருங்கள். ஃபார்மால்டிஹைடால் பிணைக்காத சாற்றில் பென்சோனேஸ் நொதி இட்டு டிஎன்ஏவைச் சிதைத்த பிறகும் வந்தால், இரண்டும் ஒரே டிஎன்ஏவில் அருகருகே அமர்ந்திருந்தன என்ற சந்தேகமும் பெருமளவு நீங்கும். நேரடியாகத் தொடுகின்றனவா என்பதைச் சொல்ல, இரண்டு புரதங்களையும் தனித்தனியே தூய்மைப்படுத்திச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.