ஆடிப்பட்டத்துக்கு நர்சரியில் என்ன பார்த்து வாங்குவது

ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஆனால் கடைக்குப் போக வேண்டியது ஆனி முதல் வாரத்திலேயே. தக்காளி நாற்று நடுகிற பருவத்துக்கு வர 25 நாள் ஆகும், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 வரை. வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு, புடலைக்கு இந்த அவசரம் இல்லை. அவற்றை நேரடியாகத் தொட்டியிலேயே ஊன்றலாம்.

விதைப் பாக்கெட்டில் முன்பக்கம் இருக்கும் படத்தால் பயனில்லை, திருப்பிப் பாருங்கள். பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் சதவீதம் மூன்றும் இருக்க வேண்டும். தேதி சரியாக இருந்தாலும், வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்ட பாக்கெட் வேண்டாம். சூட்டில் விதை செத்துவிடும். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். வெண்டை நான்கைந்து நாளில் முளை காட்டும். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு மூன்று விதையாகப் போட வேண்டும். அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்க நினைப்பவர்கள் எஃப்1 (இரண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கிய ஒட்டுவீரிய விதை) என்று போட்டதைத் தவிர்த்து நாட்டு ரகம் கேளுங்கள். ஒட்டுவீரியத்தில் எடுத்த விதை தாய்ச்செடி போல் வராது.

நாற்றாகவே வாங்குவதென்றால் உயரமான நாற்றை எடுக்காதீர்கள். நிழலில் நெருக்கமாக வளர்ந்து நீண்டது அது, ஆடிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும். நான்கைந்து இலை, பென்சில் முனைபோல் உறுதியான தண்டு போதும். இலையைத் திருப்பி அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா பாருங்கள். தக்காளியிலும் மிளகாயிலும் இலை சுருண்டிருந்தால் அந்த நாற்றுத் தட்டையே தொட வேண்டாம். இலைச்சுருட்டு வைரஸுக்கு மருந்து கிடையாது. கடைக்காரரிடம் கேட்டு ஒரு நாற்றைத் தட்டின் குழியிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் எடுக்கலாம். பழுப்பேறிச் சுற்றிச் சுற்றி முடிச்சு விழுந்திருந்தால் நாள்பட்ட நாற்று. தட்டிலேயே பூ வைத்ததும் அப்படித்தான், விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

மண்கலவையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 12க்கு 12 அங்குல வளர்ப்புப் பை சுமார் 20 லிட்டர் கொள்ளும். செம்மண் இரண்டு பங்கு, ஊறிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. 5 கிலோ தென்னைநார்க் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், பன்னிரண்டு பைக்குக் காணும். தென்னைநாரில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும். உர மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்: சூடு தெரிந்தாலோ சாண வாடை அடித்தாலோ இன்னும் மக்கவில்லை, வேரைப் பொசுக்கிவிடும். மொட்டைமாடியில் வைப்பவர்கள் நனைந்த பை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் கனக்கும் என்பதை நினைவில் வைத்து, பைகளை நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக அடுக்குங்கள்.

கலவையை நிரப்பி, ஈரம் காயாமல் பத்து நாள் ஆறவிடுங்கள். வாங்கி வந்த நாற்றை அன்றே நடாமல் இரண்டு நாள் அரைநிழலில் வைத்து, மாலை நான்கு மணிக்கு மேல் நட்டு, கூடவே ஒரு குச்சியும் ஊன்றிக் கட்டிவிடுங்கள்.