ஊரில் இருக்கும் அம்மாவுக்கு, இங்கிருந்தே போன் சொல்லிக்கொடுப்பது எப்படி?

அம்மா கோவில்பட்டியில், நான் சென்னையில். நேரில் இருந்தால் சொல்லிக்கொடுத்துவிடலாம், போனில் எப்படி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரில் இருந்த நாட்களில் நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை என்பதுதான் உண்மை. "இங்கே கொடு அம்மா" என்று போனை வாங்கி, நானே நான்கு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அம்மா கற்றுக்கொண்டது போனை என்னிடம் நீட்டுவதை மட்டும்தான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து கை நீட்ட முடியாது. வாயால்தான் சொல்லியாக வேண்டும். வசதியே அதுதான்.

படி 1: பொங்கலுக்குப் போகும்போதே போனைத் தயார் செய்யுங்கள்

இது ஒன்றை மட்டும் நேரில் செய்துவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். 30 விநாடியில் அணைந்துவிடும் திரையை 2 நிமிடமாவது எரியவிடுங்கள். விரலால் இழுத்து நகரும் முறையை எடுத்துவிட்டு, திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் தெரியும் பழைய முறைக்கு மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரத்திலிருந்து இழுக்கச் சொன்னால் யாருக்குத்தான் குழம்பாது?

பலருக்கும் தெரியாத ஒன்று: பெரியவர்கள் தொடும்போது விரலைச் சற்று நேரம் அழுத்தியே வைத்திருப்பார்கள். போன் அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். சில நேரம் செயலியின் படமே இடம் மாறிவிடும். 'போன் கெட்டுவிட்டது' என்ற புகார்களில் பாதி எங்கள் வீட்டில் இதனால் வந்தவைதான். தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டிவைக்க அமைப்புகளில் வழி உண்டு. விரல் வறண்டிருந்தாலும், நக நுனி பட்டாலும் திரைக்குத் தொட்டது தெரியாது. விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்லுங்கள்.

படி 2: உங்கள் போனையும் தமிழுக்கு மாற்றுங்கள்

அம்மாவின் போன் தமிழில், உங்களுடையது ஆங்கிலத்தில் என்றால் வகுப்பு அங்கேயே படுத்துவிடும். வகுப்பு நடக்கும் நேரத்துக்காவது இருவர் கண் முன்னும் ஒரே சொல் இருக்கட்டும். சொல்லே இல்லாத பொத்தான்களுக்கு உருவத்தை வைத்துப் பெயர் சூட்டுங்கள். எங்கள் வீட்டில் அமைப்புகளுக்குப் பெயர் 'பல்சக்கரம்'. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்யும் மைக்குக்கு 'குச்சி ஐஸ்'. சூட்டியது அம்மா, நான் திருத்தவில்லை.

படி 3: பேசிக்கொண்டே தொடப் பழக்குங்கள்

போன் காதில் இருந்தால் திரையைப் பார்க்க முடியாது. ஆகவே முதல் பாடம் ஸ்பீக்கர். இரண்டாவது பாடம், பேச்சுக்கு நடுவே நடுப்பொத்தானை அழுத்தி முகப்புக்குப் போய்வருவது. இணைப்பு அறுந்துவிடும் என்ற பயம் இதில்தான் தீரும். இதற்கே ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அப்பாவிடம் பழைய பட்டன் போன் இருந்தால் அதில் பேசுங்கள், இன்னும் எளிது.

படி 4: ஒரு நாளைக்கு ஒரே வேலை

இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எதைக் கற்பது என்பதை அவரே சொல்லட்டும். நான் மின் கட்டணத்தில் தொடங்க நினைத்தேன். அம்மாவுக்கு வேண்டியிருந்தது, முற்றத்தில் பூத்த செம்பருத்தியைப் படமெடுத்துச் சித்திக்கு அனுப்புவது. அதையே எடுத்துக்கொண்டோம். ஒரே படத்தை அன்று மூன்று முறை அனுப்பினார். சித்தி பொறுத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவர் தேடட்டும். தவறான இடத்தைத் தொட்டால் 'பின்செல்' பொத்தானால் திரும்பி வரட்டும். முடிந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவர் கைப்பட, அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பும் அழகான குறிப்பை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

படி 5: குழம்பினால் திரையைப் பகிரச் சொல்லுங்கள்

2023 முதல் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே இந்த வசதி இருக்கிறது. பகிர்வதற்கான பொத்தானைத் தொட்டதும் போன் அனுமதி கேட்கும். முழுத் திரையா, ஒரு செயலி மட்டுமா என்று கேட்டால் முழுத் திரை. அம்மாவின் திரை உங்கள் போனில் தெரியும். உங்களால் அதைத் தொட முடியாது.

இதே வசதியை வைத்துத்தான் மோசடிக்காரர்கள் பணத்தைப் பறிக்கிறார்கள். அதனால் கற்றுக்கொடுக்கும் அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: பிள்ளைகளைத் தவிர வேறு யார் கேட்டாலும், வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும், திரையைக் காட்டக் கூடாது. வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது. என் குரலிலேயே யாராவது பேசினால் என்ன செய்வது என்று அம்மா கேட்டார். நாங்கள் விற்ற கறவை மாட்டின் பெயரைக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது.

படி 6: பணம் கடைசியில்

யுபிஐ-க்கு வேறொரு வங்கிக் கணக்கை இணைத்து, அதில் இரண்டாயிரம் ரூபாய் மட்டும் வையுங்கள். ரகசிய எண்ணைப் போடும்போது திரைப் பகிர்வு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் நோட்டில் ஏறவே கூடாது. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் தேவை, வாங்குவதற்கு அல்ல என்பதை ஒரு ரூபாயை இருபுறமும் அனுப்பிக் காட்டுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது.

படி 7: ஒரு வாரம் நீங்கள் அழைக்காதீர்கள்

அவரே அழைக்கட்டும். ஐந்தாம் நாள், அலுவலகக் கூட்டத்தின் நடுவே அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எழுந்து வெளியே போய் எடுத்தேன். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அதைப் பார்த்தபடியே பேசினேன். போனை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடிப்பது அடுத்த வாரப் பாடம்.