ரீஜென்சி இங்கிலாந்துக்கு நாயகியை அனுப்பும் முன்

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் புத்தி பேதலித்துவிட, அவர் இடத்தில் மகன் ஆண்ட காலம்தான் ரீஜென்சி. 1811 பிப்ரவரியில் தொடங்கி 1820 ஜனவரியில் முடிந்தது, ஒன்பதே ஆண்டு. இன்றைய பெண்ணொருத்தி காலப்பயணத்தில் அங்கே போய் விழும் நாவல் எழுதுகிறீர்கள் என்றால், அவள் கண்விழிக்கும் நாளைத் தேதியோடு முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். வெற்றிச் செய்தியோடு தூதர் லண்டனுக்கு வந்து சேர்ந்தது 21ஆம் தேதி இரவு. 19ஆம் தேதியே லண்டன் விருந்தில் யாராவது அதைக் கொண்டாடினால் கதை கெட்டது. 1816இல் வெயில் காயும் தோட்ட விருந்தும் வேண்டாம். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அந்தக் கோடை மழையிலும் குளிரிலும் போய், விளைச்சலும் பொய்த்தது.

உடையில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: இடுப்பை இறுக்கிக் கட்டி நாயகியை மயங்கி விழவைப்பது. அது பிந்தைய விக்டோரியா கால வழக்கம். ரீஜென்சி கவுனின் இடுப்புக்கோடு மார்புக்குக் கீழேயே நின்றுவிடும். உள்ளே அணியும் ஸ்டேஸ் என்ற கச்சு மார்பைத் தூக்கி நிறுத்தத்தான். லினன் உள்ளங்கி, அதன்மேல் ஸ்டேஸ், பிறகு பாவாடை, கடைசியில் கவுன் என்பது வரிசை. ஸ்டேஸின் கயிறு பெரும்பாலும் முதுகுப்பக்கம் என்பதால் கட்டிவிட ஒரு பணிப்பெண் வேண்டும். அந்தப் பணிப்பெண்தான் நாயகியின் ஜிப் வைத்த ஜீன்ஸை முதலில் பார்க்கப்போகிறவள், அவளை வீணடிக்காதீர்கள்.

கதையின் கடினமான மூட்டு இதுதான்: ஊர் பேர் தெரியாதவளை ஒரு கனவான் வீட்டில் ஏன் தங்கவைக்கிறார்கள்? வேலைக்காரியாகச் சேரக்கூடப் பழைய எஜமானியின் நற்சான்று தேவை. தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துவிட்டது என்பது அரைத்த மாவு. அதைவிட உறுதியான பொய் ஒன்று உண்டு. தகப்பனார் சென்னப்பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து இறந்துவிட்டார் என்று அவள் சொல்லட்டும். பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஐந்தாறு மாதம் ஆகும். விசாரித்துக் கடிதம் எழுதிப் பதில் வர ஏறக்குறைய ஓராண்டு. அதுதான் உங்கள் கதைக்கான கெடு. நெருக்கடி முன்னதாகவே வேண்டுமா? மெட்ராஸிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய கர்னல் ஒருவரை விருந்துக்கு அழைத்து, அவள் எதிரே உட்காரவையுங்கள்.

பணத்தில் கணக்குப் பிசகக்கூடாது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. ஒரு பவுண்டு மதிப்புள்ள சாவரின் என்ற தங்க நாணயம் 1817இல்தான் வருகிறது. தபாலுக்குப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே காசு கொடுப்பார். தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகிவிடும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள். மணமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டால் நிச்சயமாகிவிட்டது என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். நாயகி யோசிக்காமல் அனுப்பும் நாலு வரி நன்றிக் கடிதம் ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

மருந்தறிவை வைத்து அவளை ஊரைக் காக்கும் தெய்வமாக்கும் ஆசை வரும். ஆபத்து அவளுக்குத்தான். பிரிட்டனில் குழந்தைகளுக்கு வழக்கமாகப் போட்ட பெரியம்மைத் தடுப்பூசி 1971இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் பிறந்தவளுக்கு அந்நோயிலிருந்து பாதுகாப்பு இல்லை. பெரியம்மையைத் தடுக்க மருத்துவர் ஜென்னர் கண்ட பசு அம்மைப் பால் 1798க்குப் பின் பரவிவிட்டதால், யாரையாவது பிடித்து அவள் குத்திக்கொள்ளலாம். படித்த பெண் முதல் வாரமே செய்யவேண்டிய காரியம் அது.

தமிழில் எழுதுவதால் ஆங்கில நாவலாசிரியருக்குக் கிடைக்காத கருவி ஒன்று கையில் இருக்கிறது: நீ, நீங்கள். அந்த வர்க்கத்தில் கணவனைக்கூடப் பலர் ‘மிஸ்டர்’ போட்டுக் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். ஆகவே கனவான்களும் சீமாட்டிகளும் தங்களுக்குள் ‘நீங்கள்’, வேலைக்காரர்களிடம் ‘நீ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகி பணிப்பெண்ணையும் ‘நீங்க’ என்றே கூப்பிட்டுத் தொலைப்பாள். சமையற்கட்டில் சந்தேகம் அங்கேதான் முளைக்கும். நாயகன் அவளை எந்தப் பக்கத்தில் முதன்முதலாக ‘நீ’ என்கிறான் என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.