வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் போகும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதி குறைந்த ஒரு நாட்டில் ஒரு வருடமாவது சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாமே என்ற எண்ணம் ஆசிரியர்கள் பலருக்கும் வரும். எனக்கும் வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் போய் வகுப்பின் முன்னால் நிற்பதுதான் உதவி என்று நினைத்துவிடுகிறோமே, முதல் தவறு அதுதான். அங்கே ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார். நாம் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டால் அவர் ஓரமாக நிற்க வேண்டும். நாம் ஊர் திரும்பிய மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கப்போவது அவர் மட்டும்தான்.

ருவாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். 2008-இல் அந்நாட்டு அரசு, பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்க முடிவெடுத்தது. பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சிலேயே நடத்திப் பழகியவர்கள் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்த வேண்டிய நிலை. வெளியிலிருந்து போன ஒருவர் அவர்களுடைய வகுப்பை வாங்கிக்கொண்டால் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும், அதுவும் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான் பயன். அதைவிட, உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதலாம். கடைசி பெஞ்சில் அமர்ந்து அவர் நடத்துவதைக் கவனிக்கலாம். பின்னத்தை எளிய ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று இருவரும் பேசிப் பார்க்கலாம். நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிப் பிரிவுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு இந்தத் திண்டாட்டம் நன்றாகத் தெரியும். சரளமான ஆங்கிலத்தைவிட அந்த அனுபவம்தான் அங்கே கைகொடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், பெட்டி நிறையப் பொருள் சுமந்து போவது. மின்சாரம் நிலையாக இல்லாத பள்ளியில் புரொஜெக்டர் என்ன செய்யும்? ருவாண்டாவில் அரிசிச் சாக்கைப் பிரித்து விரித்து, அதில் பெயிண்டால் எண்களையும் வரைபடங்களையும் வரைந்து மாட்டும் வழக்கம் உண்டு. சார்ட் தாள்போல அது கிழியாது. தீர்ந்துபோனால் அந்த ஊரிலேயே இன்னொரு சாக்கு கிடைக்கும்.

அடுத்தது உதவியாகவே தெரியும் ஒரு தவறு. நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளில் அநாதை இல்லங்களுக்கு இரண்டு வாரம் போய்ப் பாடம் நடத்துவது. அந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நேபாளத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் தரகர்கள் ‘பிள்ளையை நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்’ என்று பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு காத்மாண்டுக்கு அழைத்துவந்தார்கள். வெளிநாட்டார் தரும் கட்டணமும் நன்கொடையும் அந்த வியாபாரத்துக்குத் தீனி போட்டன. மாதத்துக்கு இரண்டு புது முகங்கள் வந்து, பாசமாகப் பழகி, விடைபெற்றுப் போனால் அந்தக் குழந்தைகளின் மனசு என்ன பாடுபடும் என்று ஓர் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அநாதை இல்லத்துக்கு வாருங்கள் என்று அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்தலாம் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். நேபாளத்தில் அது சட்டப்படி செல்லாது.

நான் முதலில் விசாரித்த ஒரு நிறுவனம் கட்டணம் எவ்வளவு என்று சொன்னது. எந்தப் பாடம், எத்தனை வருட அனுபவம் என்று கேட்கவே இல்லை. அங்கேயே விலகிக்கொண்டேன். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தேர்வானவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படியும் உண்டு. தகுதியையும் அனுபவத்தையும் துருவிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் துறையின் தடையின்மைச் சான்றும் விடுப்பும் கைக்கு வருமுன் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அந்தப் பள்ளியில் நான் எந்த ஆசிரியரோடு வேலை செய்யப்போகிறேன், நான் வருவது அவருக்குத் தெரியுமா?’ பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். பதில் வந்தால், கிளம்புவதற்கு முன்பே அந்த ஆசிரியரோடு போனில் பேசி, அவருக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.