மலைமொழியைப் பதிவு செய்வது எப்படி? முதல் முறை இறங்குபவர்களுக்கு

மலையில் ஒரு கணவாயைத் தாண்டினாலே பேச்சு மாறிவிடும். அதனால் மொழியின் பெயரை மட்டும் குறித்துவைத்தால் போதாது. பேசுபவரின் ஊர், வயது, வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்றால் பிறந்த ஊர், இத்தனையும் நோட்டில் ஏற வேண்டும்.

1. சம்மதம். பதியலாமா, இணையத்தில் போடலாமா, பெயரைச் சொல்லலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை அவர் குரலிலேயே பதியுங்கள். சில சடங்குப் பாட்டுகள் வெளியாருக்கு அல்ல, வற்புறுத்தக் கூடாது.

2. கருவி. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாகப் பதியுங்கள். கருவியின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். கைபேசியில் பதிந்தால் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். அது 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளையும் இரைச்சலென்று நினைத்துச் சீவிவிடும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். கருவியின் ஒலி அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் நல்லது. காற்றுக்கு மைக்கில் ரோம உறை போடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். தகர கூரை வீட்டில் மழை பிடித்தால் அன்றைய வேலை முடிந்தது.

3. சொற்கள். மொழிகளை ஒப்பிட உதவும் 207 அடிப்படைச் சொற்கள் கொண்ட ஸ்வாடெஷ் பட்டியலில் தொடங்கலாம். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். கடைசி முறை குரல் தாழ்ந்துவிடும். நடுவில் உள்ளதுதான் ஒலி ஆய்வுக்கு உதவும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் உடலுறுப்புகள். பல மொழிகளில் வெறும் 'கை' என்று சொல்லவே முடியாது, யாருடைய கை என்பது சொல்லோடு ஒட்டியே வரும். உங்கள் கையைக் காட்டிக் கேட்டால் 'உன் கை' என்று பதில் வரும். நீங்கள் 'கை' என்று எழுதிக்கொள்வீர்கள். அவர் கை, குழந்தையின் கை என்று மாற்றி மாற்றிக் கேட்டால் மாறாத பகுதி தானே பிடிபடும்.

4. இயல்பான பேச்சு. பட்டியலைவிட இதுதான் முக்கியம். வழி சொல்லச் சொல்லுங்கள், கூடை முடைவதை விளக்கச் சொல்லுங்கள். மலைமொழியின் தனிச்சரக்கு அங்கேதான் கிடைக்கும். கிழக்கு நேபாளத்தின் கிராந்தி மொழிகள் பலவற்றில் மேலிருந்து வருவதற்கு ஒரு வினை, கீழிருந்து வருவதற்கு வேறு, சமமட்டத்தில் வருவதற்கு இன்னொன்று. பட்டியலில் 'வா' என்று ஒரே வரியில் கேட்டால் இது கண்ணில் படாது.

5. எழுதுதல். ஈலான் இலவச மென்பொருள். ஒலியையும் எழுத்தையும் நேரத்தோடு பிணைக்கும். ஒரு நிமிடப் பேச்சை எழுதி, பொருள் குறிக்க ஒரு மணி நேரம் ஆனாலும் மிரள வேண்டாம். கோப்புப் பெயரில் தேதி, ஊர், வரிசை எண் இருக்கட்டும். மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

6. பரப்புதல். ஆவணக் காப்பகத்தில் போட்டால் ஆய்வாளர் கேட்பார், ஊர் கேட்காது. இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டி, எம்பி3 ஆக்கி, மெமரி கார்டிலும் வாட்ஸ்அப்பிலும் கொடுங்கள். மூல வேவ் கோப்பை அழிக்காதீர்கள். உச்சரிப்புகளைப் பொதுவில் வைக்க லிங்குவா லிப்ரே தளம் உண்டு. குழந்தைகளுக்கான படப்புத்தகத்தை அவர்கள் பள்ளியில் படிக்கும் எழுத்திலேயே அச்சிடுங்கள். புது எழுத்து கண்டுபிடிக்கும் ஆசை பலருக்கு வரும். ஊரார் கேட்காதவரை அதைத் தள்ளிவையுங்கள்.